உச்சி வெயிலில் வெடித்த பயறு

பக்கத்து வீட்டுப் போங்ரே அக்காவின் வீட்டுக்காரர் யோங்பால் நல்ல மனிதர்தான். விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் எழுவார், அது ஒன்றுதான் குறை. மற்ற மாதங்களில் அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. சோயா அறுப்பில்தான் வீடு ரெண்டுபடும்.

வரப்புச் சோயாவைப் பனி ஈரத்தோடு அறுத்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த காய் கை பட்டதும் வெடித்துப் பயறு தெறித்துவிடும். அவரோ அரிவாளை எடுப்பதே உச்சிப் பொழுதில். பயறு பாதி எங்கள் ஊர்ப் பிரம்மச்சாரி மான்சொக்கின் கீழ்வயலில் போய் விழும். "காலம்பூரா அடுத்தவன் வயலுக்கே விளைய வச்சுக் குடு" என்று அக்கா கத்துவாள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

போன குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார்.

சியோலில் இருக்கும் மகள் வந்துவிடு வந்துவிடு என்று நச்சரித்தாள். இந்த வருஷம் வரப்பில் பயறு விளையாவிட்டால் வந்துவிடுகிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். அவள் போனால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

விதை பொறுக்க இரண்டு பேர் வேண்டும். சாப்பாட்டுக் குட்டை மேசையை ஒருவர் சாய்த்துப் பிடிக்க, இன்னொருவர் மேலிருந்து பயறைக் கொட்டுவார். உருண்டு திரண்டது ஓடி இறங்கும். சப்பையும் சொத்தையும் தங்கிவிடும். இத்தனை வருஷமும் மேசையைப் பிடித்தவர் யோங்பால். இந்த முறை நான் பிடித்தேன். சாய்வு கூடிப்போய்ச் சொத்தையும் சேர்ந்து ஓடியது.

"மேசையப் பிடின்னா சறுக்குமரம் கட்டுறியே" என்றாள். அப்புறம் தலையைத் தூக்காமல் கையாலேயே பொறுக்கினாள். அழுகிறாள் என்று தெரிந்தது. நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்று நட்ட கையோடு, புதுச் சேறு பூசிய வரப்பில் குழி போட்டு ஊன்றினாள். முளை தலைகாட்டிய அன்றே காட்டுப்புறாக்கள் இறங்கி ஒன்று விடாமல் கொத்திப்போட்டன. கையில் வேறு விதையில்லை. மிச்சத்தையெல்லாம் குளிர்காலத்திலேயே அவித்து இடித்துக் குழம்புக்குப் புளிக்கவைக்கும் கட்டியாகத் தொங்கவிட்டாயிற்று. என் பயறைக் கொடுத்தேன். தோல் தடிப்பாம், வேண்டாமாம். அவள் வரப்பில் அவள் மாமியார் கொடுத்த விதைதான் முளைக்க வேண்டும். அன்று மாலையே பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

அப்போதுதான் மான்சொக் ஒரு ஜாடியோடு வந்து வாசலில் நின்றான்.

"அண்ணி, இது உங்களோடதுதான். அண்ணன் அறுக்கையில என் பக்கம் தெறிச்சது. நெல்லுத்தாளுக்குள்ளேருந்து பொறுக்கினேன்."

"வருஷாவருஷம் பொறுக்குவியா?"

"ஆமா. முளைகட்டிச் சாப்பிட்டுருவேன். இந்தத் தடவ சாப்பிட மனசு வரல."

அக்கா ஜாடிக்குள் கையை விட்டாள். வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு மேசையைக் கொண்டுவரச் சொன்னாள். மான்சொக் பிடித்தான். அளவான சாய்வு, பயறு கடகடவென்று ஓடி அவள் மடியில் விழுந்தது.

இந்த முறை விதை ஊன்றியதுமே, இலை விரியும்வரை வரப்பை பழைய மீன்வலையால் மூடிவைத்தோம். பயறு முளைத்தது, பூத்தது, கொத்துக் கொத்தாகக் காய்த்தது. மகளைப் போனில் கூப்பிட்டு, பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் அன்று ஒரு கிண்ணம் அரிசிக் கள் கூடுதலாகக் குடித்தேன்.

அறுப்பன்று பனி சொட்டச் சொட்ட மான்சொக் அரிவாளோடு வந்துவிட்டான். மூவருமாக மளமளவென்று அறுத்தோம். கடைசி மூலைக்கு வந்ததும் அக்கா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத விடு தம்பி. வெயில் ஏறட்டும். கொஞ்சம் உன் பக்கம் விழட்டும்."

வரப்பிலேயே உட்கார்ந்து சோறு தின்றோம். உச்சிப் பொழுதில் முதல் காய் படக்கென்று வெடித்தது.

"எந்திரிச்சிட்டாரு" என்றாள் அக்கா.