எண்ணெய் அண்ணனின் துப்பாக்கி

வங்கியில் அந்தக் காவலாளியை எல்லாரும் எண்ணெய் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்காவது கதவு கிறீச்சிட்டால் போதும், சட்டைப்பையிலிருந்து எண்ணெய்க் குப்பியை எடுத்துவிடுவார். மேலாளரின் நாற்காலி, கழிப்பறைத் தாழ்ப்பாள் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. பதினெட்டு வருடமாகத் தோளில் சுமந்த சொந்தத் துப்பாக்கிக்கு மட்டும் குறை வைப்பாரா? வாராவாரம் எண்ணெய்க் குளியல்தான்.

அதை அவர் சுடுவது வருடத்துக்கு ஒருமுறை, காவலாளிகளுக்கான சோதனையில் மட்டும். இந்த முறை முதல் குண்டிலேயே மானம் போயிற்று. துப்பாக்கியின் தாழ்ப்பாள் போன்ற போல்ட்டைப் பின்னால் இழுத்தார். காலித் தோட்டா வெளியே துள்ளி விழாமல் அங்கேயே நின்றது. விரலால் நோண்டி எடுத்தார். ஐந்து முறையும் அதே கதை.

"பதினஞ்சு நாள் டைம் தர்றேன். சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா வேலையை மறந்துடுங்க" என்றார் சோதனை அதிகாரி.

வீட்டுக்கு வந்தவர் சாப்பாட்டைத் தொடவில்லை. போல்ட்டை மட்டும் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கை போன போக்கில் குப்பியைத் திறந்தார்.

"அதைக் கீழ வைங்க" என்றாள் மனைவி. தையல் மெஷின் பழுது பார்ப்பது அவள் தொழில். போல்ட்டின் முகப்பில் அரிசியளவு முள் ஒன்று இருந்தது; பின்னாலுள்ள ஸ்பிரிங்கின் விசையில் காலித் தோட்டாவை வெளியே தள்ளுவது அதுதான். அவள் குச்சியால் அழுத்தினாள். உள்ளே போன முள் திரும்பி வரவில்லை.

"ஸ்பிரிங் செத்துப்போச்சா?"

"அது நல்லாத்தான் இருக்கும். நீங்க ஊத்தின எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாயிடுச்சு. பாவம், மூச்சு விட முடியாம கிடக்கு."

மண்ணெண்ணெயில் ஊறவைத்தாள். பிறகு குச்சியால் அழுத்தி அழுத்தி விட்டாள். கறுப்பாகக் கசடு கசிந்தது. கை ஓய்ந்துபோகும் நேரத்தில் முள் 'டக்'கென்று எகிறியது. துடைத்து, ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டு எண்ணெய் வைத்தாள்.

"இவ்வளவுதானா?"

"இதுவே ஜாஸ்தி. இனிமே குப்பி என்கிட்ட இருக்கட்டும்."

மறுசோதனையில் ஐந்து காலித் தோட்டாக்களும் துள்ளிப் பறந்தன. ஒன்று அதிகாரியின் தொப்பியில் பட்டுத் தெறித்தது.

"யார்கிட்ட குடுத்து சரி பண்ணினீங்க?"

"வீட்லதான் சார். நான் கையே வெக்கலை" என்றார் நெஞ்சை நிமிர்த்தி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் மூன்று காவலாளிகள் துப்பாக்கிப் பையோடு வாசலில் நின்றார்கள்.

"முதல்ல உள்ள குண்டு இல்லேன்னு திறந்து காட்டுங்க. அப்புறம் உக்காரலாம் அண்ணா" என்றாள் அவள்.

அவர் அடுப்படிக்குப் போய் எல்லாருக்கும் டீக்குத் தண்ணீர் வைத்தார்.