தெற்கே ஓடும் வாய்க்கால்

நான் வேதியியல் எடுத்தேன். எதிர்வீட்டுக்காரன் தமிழ் எடுத்தான். மூன்று வருடமும் தஞ்சாவூருக்கு ஒரே பஸ்ஸில்தான் போனோம். "தமிழ் படிச்சு என்னடா பண்ணப்போறே?" என்று அவனை நான் சீண்டாத நாளில்லை.

கடைசிப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது, எங்கள் தெருவின் குத்தகைக்காரர்கள் எல்லோரையும் நிலத்தை விட்டுவிடச் சொன்னார் மிராசுதார். வீட்டுக்கு ஒரு மனு தாசில்தாரிடம் கொடுக்க வேண்டும். ஆட்சி மாறியபின் மனுவைத் தமிழிலேயே எழுதலாம் என்று ஆகியிருந்தது. தெருவே எதிர்வீட்டு வாசலில் போய் நின்றது. என் அப்பாவும் நின்றார்.

"நம்ம வீட்லயும் ஒரு காலேஜ்காரன் இருக்கேனே" என்றேன்.

"உன்னுது ஏதோ மருந்து கலக்குற படிப்புல்ல? அவன் எழுதட்டும்" என்றார் அப்பா.

என் அம்மாவே அவனுக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். தப்பான பாடத்தை எடுத்துத் தொலைத்துவிட்டோமோ என்று அன்றுதான் முதன்முதலாகத் தோன்றியது.

அவன் எழுதிக் கொடுத்த எங்கள் மனுவைக் குற்றம் கண்டுபிடிப்பதற்காகவே வரி வரியாகப் படித்தேன். கிடைத்தது. எங்கள் வயலுக்குத் தெற்கே ஓடும் வாய்க்காலை வடக்கே ஓடுவதாக எழுதியிருந்தான்.

"எல்லைகூடத் தெரியாம எழுதியிருக்கான் பாருங்க!" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

அவனுக்குக் கோபமே வரவில்லை. "நல்லவேளை பார்த்தே. நீயே திருத்திடு" என்று பேனாவை நீட்டினான்.

'வடக்கே'யை அடித்துவிட்டுத் 'தெற்கே' என்று எழுதினேன். மூன்று வருடம் படித்துவிட்டு என் தெருவுக்கு நான் எழுதிக் கொடுத்தது அந்த ஒரு சொல்தான். அதையும் அவன் கையெழுத்து மாதிரியே எழுதப் பார்த்தேன்.