வாசல் மண்

எண்பதுகளின் தொடக்கத்தில், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸைத் தேடி, கைக்குழந்தையோடு ஜவ்வாது மலையில் மண் சேகரித்தேன். ஒரு வீட்டு வாசலில் மண்ணை அள்ளிக் குப்பியில் போட்டதும் அந்த வீட்டுப் பெண் ஓடிவந்தாள்.

“எங்க காலடி மண்ண எடுத்துப் போயி இன்னா பண்ணப் போறீங்க?”

“ஆராய்ச்சிக்குத்தாம்மா. மண்ணால யாருக்கும் ஒண்ணும் ஆவாது.”

“உங்க வூட்ல கொழந்தைக்கு மண்ணு சுத்திப் போட மாட்டீங்களா?”

“மாட்டோம்” என்றேன். முந்தைய நாள்தான் முச்சந்தி மண்ணையும் மிளகாயையும் என் குழந்தைக்குச் சுற்றி அடுப்பில் போட்டிருந்தேன்.

“படிச்சவங்க சொன்னா சரிதான்” என்று அவள் விட்டுவிட்டாள்.

சில நாட்களில், ஆய்வகத் தட்டில் படர்ந்த பாக்டீரியாவின் நடுவே, அவை செத்துப்போன இடங்கள் தெளிவான வட்டங்களாகத் தெரிந்தன. வைரஸ் கிடைத்துவிட்டது. எந்த இடத்து மண் என்று பேராசிரியர் மகிழ்ச்சியோடு கேட்டார்.

“மலை மண் சார்” என்றேன். ஒருத்தியின் வாசல் மண் என்று சொல்ல வாய் வரவில்லை.