கண்டக்டர் சவுரிராயனின் கேமிங் போன்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற தனியார் பஸ் ஒன்றில் சவுரிராயன் கண்டக்டர். நான் திண்டிவனத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். போக வர அந்த பஸ்தான். பின்வாசலுக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்து வருஷக்கணக்காக அவருடைய முதுகையும் தோள்பையையும் பார்த்து வந்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். அந்தப் போனை அவர் கையில் முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஐம்பதைத் தாண்டிய ஆள். நரைத்த மீசை, காக்கிச் சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. கையில் என்னடா என்றால் செங்கல் கனத்தில் ஒரு கேமிங் போன். பின்பக்கம் சிவப்பு விளக்கு கோடாக ஓடும். விளையாட்டில் சுடுவதற்கென்று ஓரத்தில் விரல் வைக்கத் தனியாக இரண்டு இடம். சூடானால் ஆற்றுவதற்கு முதுகில் மாட்டுகிற குட்டி ஃபேன் வேறு. சட்டைப் பைக்குள் அது முழுதாக இறங்காது. பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். விக்கிரவாண்டியில் ஏறுகிற பூக்காரம்மா ஒருத்தி, "இன்னா கண்டக்டரே, இது போனா, கல்யாண ஊட்டு ஜென்செட்டா?" என்று கேட்டுப் பஸ்ஸையே சிரிக்க வைத்தாள். அவரும் சிரித்தார்.

வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. அவரிடம் விசில் உண்டு, ஊதமாட்டார். நிறுத்தத்தில் இறங்கி நின்று, ஏறினவர்களை விரலால் எண்ணி, ஓடி வருகிற கிழவிக்காகக் கொஞ்சம் காத்திருந்து, எல்லாரும் ஏறின பிறகு தகரத்தில் இரண்டு தட்டு தட்டுவார். "போலாம்... ரைட்டேய்" என்று ஒரு இழுப்பு இழுப்பார். அந்த இழுப்பு இந்த ரூட்டில் வேறு எந்தக் கண்டக்டருக்கும் வராது. அப்படிப்பட்ட மனுஷன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கிற நேரத்தில் போனுக்குள் பொம்மைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி செத்த வீடு, கேட்க ஆளில்லை, புத்தி கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டினேன். பஸ் சீட்டில் உட்கார்ந்தபடி அடுத்தவர்களைப் பற்றி முடிவு கட்டுவது சுலபம். விஷயத்தை அவருடைய அக்கா மகள் புனிதா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மிச்சத்தைப் பிற்பாடு அவரே சொன்னார்.

அவருடைய மனைவி ஜெசிந்தா இறந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஓர் அமாவாசை அன்று. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் எல்லா பஸ்ஸிலும் பிதுங்கிக்கொண்டிருந்தது. பஸ் கூட்டேரிப்பட்டைத் தொடும்போது வீட்டிலிருந்து மகன் பிரான்சிஸ் போன் பண்ணினான்.

"அப்பா, அம்மாவுக்கு நெஞ்சு வலிக்குதாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். ஜல்தியா வா."

விஷயம் தெரிந்ததும் டிரைவர் பெரியதம்பி வண்டியை ஓரங்கட்டினார். "பைய எங்கிட்ட குடுத்துட்டு எதிர்ல வர்ற வண்டியில ஏறிப் போய்யா. நான் பாத்துக்கறேன்" என்றார். சவுரிராயன் பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். படியில் தொங்குகிறவர்கள், இடுப்பில் பிள்ளையோடு நிற்கிறவர்கள். இத்தனை பேரைக் கண்டக்டர் இல்லாமல் எப்படி விடுவது என்று அவருக்குத் தோன்றியது. "டிரிப்ப முடிச்சிட்டு வந்துர்றேன்டா" என்று மகனிடம் சொல்லிவிட்டுத் தகரத்தைத் தட்டி ரைட் கொடுத்தார். திண்டிவனம் போய்த் திரும்பி அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் உறவுக்காரர்கள் எல்லார் முன்னாலும் பிரான்சிஸ் சொன்னான். "பஸ்ல ஏறுன ஒருத்தரக்கூட உடாம கொண்டுபோய் சேத்துட்டாரு எங்கப்பா. எங்கம்மாவ மட்டும் உட்டுட்டாரு." அதோடு பேச்சு நின்றது. ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரியில் வேலை கிடைத்துப் போனவன் அப்பாவின் நம்பரை பிளாக் செய்துவிட்டான். நினைவு நாளுக்கு வந்து கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுவான், வீட்டுப் பக்கம் திரும்பாமல் பஸ் ஏறிவிடுவான். அப்பா வேலை பார்க்கிற பஸ்ஸாக இல்லாமல் பார்த்து ஏறுவான்.

தனியார் பஸ்ஸில் ஒரு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. வேலை நாள் எப்படியோ ஓடிவிடும். சில்லறைக்குச் சண்டை போடவாவது ஆள் இருக்கும். ஓய்வு நாள்தான் மனுஷனைக் கொன்றது. ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பார். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். டி.வி. ஓடும், பார்க்கமாட்டார். வாசலில் யாராவது செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் எழுந்து போய்ப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்கு வந்தவர்களாக இருக்கும். தனிமை என்றால் என்ன என்று எனக்கும் கொஞ்சம் தெரியும், ஆனால் அந்த வீட்டில் ஒரு மணி நேரம்கூட என்னால் இருந்திருக்க முடியாது.

அப்படி ஒரு சாயங்காலம் புனிதா மாமாவுக்கு மீன் குழம்பு கொண்டு வந்தாள். விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற பெண். குழம்பை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று போனுக்குள்ளிருந்து ஒரு குரல். "புனிதா, லெஃப்ட்ல ஆளு நிக்கறான், பாத்து வா."

சவுரிராயன் கையில் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "ஆரும்மா அது?"

"பிரான்சிஸ்தான் மாமா. சாய்ங்காலமானா நாங்க சேந்து கேம் ஆடுவோம். நானு, அவன், அவன் கம்பெனி ஃப்ரெண்டு குமரேசன். நாலு பேரு வேணும். நாலாவதுக்கு யாருன்னே தெரியாத ஆளு எவனாச்சும் வருவான்."

ஆட்டம் முடிகிற வரை அவர் உட்காரவே இல்லை. மகன் சிரிக்கிறான், திட்டுகிறான், இருமுகிறான். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ மாதமாகிறது. முடிந்ததும் கேட்டார், "அந்த நாலாவது ஆளா நான் வர்லாமா?"

புனிதா சிரிக்க ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அவருடைய பழைய போன் அந்த ஆட்டத்தைத் திறந்ததுமே படுத்துவிட்டது. அதனால்தான் கேமிங் போன். கடையில் இருந்தவன், "பையனுக்கா சார்?" என்று கேட்டான். "ஆமாம்பா, பையனுக்குத்தான்" என்றார். அது பொய்யில்லை. புனிதா எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்து 'புலி' என்று ஒரு பெயரும் வைத்தாள். புலி என்பவர் லேபுக்கு வருகிற ஆம்புலன்ஸ் டிரைவர், மைக் ரிப்பேர், பேசமாட்டார், நாம் பேசினால் கேட்கும் என்று மற்ற இருவரிடமும் அடித்துவிட்டாள்.

கற்றுக்கொள்ள ரொம்பப் பாடுபட்டார். டிக்கெட் கிழித்துப் பழகின விரல். தன்னை அறியாமல் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிவிட்டுத்தான் திரையைத் தொடுவார். ஈர விரலுக்குத் திரை அசையாது. "மாமா, எச்ச தொடாத" என்று புனிதா சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். சுடவும் வரவில்லை. ஆனால் ஒரு குணத்தை அவர் ஆட்டத்துக்குள்ளும் விடவில்லை. ஜீப்பில் ஏறும்போது மற்ற மூன்று பேரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் ஏறுவார். யாராவது அடிபட்டு விழுந்தால் குண்டு மழையிலும் திரும்பி ஓடிப்போய் அவனைத் தூக்கிவிடுவார்.

"புலி அண்ணன் சுடறதுல வேஸ்ட்டுடா" என்றான் பிரான்சிஸ் ஒரு நாள். "ஆனா ஆள உட்டுட்டு மட்டும் போமாட்டாரு."

அதைக் கேட்ட அன்று சவுரிராயன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதார். பெற்ற பிள்ளை அண்ணே என்று கூப்பிடுவதைப் பற்றி அவருக்குக் குறையில்லை. எந்தப் பெயரிலாவது கூப்பிடுகிறானே என்றிருந்தது. வாயைத் திறந்தால் அதுவும் போய்விடும் என்று தெரியும். அதனால் மாதக்கணக்காக ஊமையாகவே ஆடினார். மகனுக்குக் கம்பெனிச் சோறு பிடிக்கவில்லை, முதுகு வலிக்கிறது, குமரேசன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போகப்போகிறான் என்றெல்லாம் தெரிந்துகொண்டார். ஜீப்பை எப்போதும் பிரான்சிஸ்தான் ஓட்டுவான். சின்ன வயசில் மூன்று சக்கர சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் அப்பா நின்று ரைட் கொடுத்தால்தான் மிதிப்பான். "நேரமாவுது, அந்த ரைட்ட குடுத்துத் தொலைங்களேன்" என்று ஜெசிந்தா கத்துவாள். ஜீப் கிளம்பும்போதெல்லாம் அவருக்கு அந்த ஞாபகம் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாம் கெட்டது. வியர்வை பட்ட திரையைச் சட்டை நுனியால் துடைத்திருக்கிறார். மைக் பொத்தான் அழுந்திவிட்டது, கவனிக்கவில்லை. ஆட்டத்தில் குமரேசன் ஒரு கொட்டகைக்குப் பின்னால் அடிபட்டுக் கிடந்தான். எதிரிகள் சுட்டுக்கொண்டே வருகிறார்கள். ஜீப்பில் பிரான்சிஸும் புனிதாவும். இவர் ஓடிப்போய்க் குமரேசனைத் தூக்கி, அவனை ஏற்றி, தானும் ஏறினார். மூன்று பேரும் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டார். கை தானாக, உட்கார்ந்திருந்த கட்டிலின் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டியது. வாய் தானாகத் திறந்தது.

"போலாம்... ரைட்டேய்."

ஜீப் நகரவில்லை. பிறகு பிரான்சிஸ் ஆட்டத்தைவிட்டுப் போய்விட்டான் என்று திரையில் ஒரு வரி வந்தது. டிரைவர் இல்லாத ஜீப்பில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் சுட்டுத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரம் பஸ்ஸில் அவரைப் பார்க்க எனக்கே பேஜாராக இருந்தது. ரைட் கொடுக்க வாயைத் திறக்கவே இல்லை. எடுக்காத விசிலை எடுத்து ஊதினார். பூக்காரம்மாகூட ஒன்றும் கேட்கவில்லை. புனிதா போன் பண்ணி, "எம்மேலயும் கோவமா கீறான் மாமா, எடுக்கவே மாட்டேங்கறான்" என்றாள். முதல் தடவை மகனை இழந்தபோது பஸ் நிறைய ஜனம் இருந்ததே என்று சொல்லிக்கொள்ளவாவது அவருக்கு ஒரு நியாயம் இருந்தது. இந்தத் தடவை அதுவும் இல்லை. அந்தப் போனை விற்றுவிடலாம் என்று நினைத்தார். விற்றால் வீட்டில் அந்தச் சிவப்பு விளக்கும் இருக்காது என்று விட்டுவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஓர் ஓய்வு நாள் சாயங்காலம் மேசைமேல் கவிழ்த்து வைத்த போனின் முதுகில் சிவப்புக் கோடு ஓடியது. புனிதாவாக இருக்கும் என்று எடுத்தார். ஆட்டத்துக்கு அழைப்பு. பிரான்சிஸிடமிருந்து. இரண்டு பேர் மட்டும் ஆடுகிற ஆட்டம்.

இரண்டு பேரும் இறங்கினார்கள். இவர் மைக்கைத் தொடவில்லை. அவன் முன்னால் நடந்தான், இவர் பின்னால் போனார். ரோட்டோரத்தில் ஒரு ஜீப் நின்றது. அவன் டிரைவர் சீட்டில் ஏறினான். இவர் பின்னால் ஏறினார்.

ஜீப் நகரவில்லை.

அந்த ஆட்டத்தில் ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அதற்கு வெளியே மாட்டிக்கொண்டால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வட்டம் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டு பேருக்கும் உயிர் குறைகிறது. நெட்வொர்க் நின்றுவிட்டதா என்று பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. மகன் பெயருக்குப் பக்கத்தில் மைக் குறி எரிந்துகொண்டிருந்தது. அவன் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"எல்லாரும் ஏறியாச்சா?" என்றான் பிரான்சிஸ்.

சவுரிராயன் மைக்கைத் தொட்டார். முதல் தடவை தொட்டது விழவில்லை. கட்டைவிரல் ஈரமாக இருந்தது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி தொட்டார். பழக்கத்தில் எண்ணினார். பொய் சொல்ல வரவில்லை.

"ஒராளு கொறையுதுப்பா" என்றார்.

உயிர்க்கோடு இரண்டு பேருக்கும் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. அவன் இப்போது போய்விடுவான், அந்த வரி திரையில் வரப்போகிறது என்று இவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தெரியும்பா" என்றான் அவன். "ரைட்டு குடு."

சவுரிராயன் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டினார். இழுப்பெல்லாம் வரவில்லை, வந்தவரைக்கும் கொடுத்தார். ஜீப் கிளம்பியது.