சிவப்புப் பலகைக்கு அப்பால் ஓர் இலுப்பை

தென்மராட்சியின் கிழக்கு எல்லையில் எங்களுக்கு ஒரு காணி இருக்கிறது. சுற்றிவரச் சிவப்புப் பலகை, அதில் மண்டையோடு. வைகாசியில் மிதிவெடி அகற்றும் இயந்திரம் உள்ளே இறங்கும், குறித்துக் கொடுக்கிற மரங்களை மட்டும் விட்டுவைப்போம் என்று அகற்றுபவர்கள் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு வேண்டியது ஒரேயொரு மரம். இடம்பெயர்ந்த அன்று ஷெல் பட்டு இறந்த சித்தப்பாவை, சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லாமல், அந்த இலுப்பையடியில்தான் புதைத்துவிட்டு ஓடிவந்தார்.

பற்றைக்காடாகிப்போன காணிக்குள் யாரும் கால் வைக்க முடியாது. அதனால் அக்கா தன் ட்ரோனைக் கொண்டுவந்தாள். மேலிருந்து படமெடுத்து மரங்களை இனம் பிரிப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தலைக்கு மேல் இரைச்சல் கேட்டால் பதுங்கிப் பழகிய குடும்பத்தில் இப்படியும் ஒருத்தி! வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே பச்சை. அவளுடைய கமெராவோ நாம் காணாத ஒளியையும் பிடித்தது. கணினி வேம்புக்கு ஒரு நிறம், புளிக்கு ஒரு நிறம், பனைக்கு ஒரு நிறம் என்று பூசிக் காட்டியது. இலுப்பை மட்டும் இல்லை. அது நின்ற பக்கத்தில் ‘பட்ட மரம்’ என்று ஒன்றைக் காட்டியது.

வீட்டில் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்துவிட்டார். “சரி விடு பிள்ளை, அதுவும் போயிட்டுது.”

“பொறுங்கோ அப்பா. கணினிக்கு நான் காட்டிப் பழக்கினது மாரிமழை நேரம் எடுத்த பச்சை இலுப்பைப் படங்களை. இப்ப பங்குனி, செந்தளிர் விடுற நேரமெல்லோ? அந்தச் சிவப்பைப் பாத்துத்தான் பட்டுப்போச்செண்டு சொல்லுதோ தெரியேல்லை. தளிர் முத்தட்டும், திரும்பப் பறக்கவிடுவம்.”

நானென்றால் கணினி சொன்னதே வேதவாக்கு என்று மூட்டையைக் கட்டியிருப்பேன். அவளுடைய பிடிவாதத்தைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

சித்திரையில் மறுபடி போனோம். இந்தமுறை அப்பாவும் வந்து வேலியோரம் நின்றார். சின்னத் திரையில், முட்பற்றைகளுக்கு நடுவே, அந்தப் ‘பட்ட மரம்’ குடை விரித்தமாதிரிக் கரும்பச்சையாய் நின்றது.

“இலுப்பைதான்,” என்றாள் அக்கா. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இன்னும் கிட்டப் பார்க்க அவள் ட்ரோனைக் கீழே இறக்கினாள். இரைச்சலோடு இலைகள் ஆடத் தொடங்கின. அப்பா அவளுடைய கையைப் பிடித்தார்.

“சத்தம் போடாமல் இறக்கேலாதோ பிள்ளை? அவன் படுத்திருக்கிறான்.”