மஞ்சள் அட்டைக்கு ரொட்டி கிடையாது

அந்தச் சலவைத் தொழிற்சாலையில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை ஆறு மணிக்கு வருகைக் கடிகாரத்தில் அட்டையைச் செருகும்போதே மாத்திரையையும் விழுங்கிவிடுவார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டிய மாத்திரை அது. கேன்டீன் மணி ஆறரைக்கு அடிக்கும். மருத்துவரின் கணக்கும் முதலாளியின் கணக்கும் ஒத்துப்போகும் இடம் அந்தக் கடிகாரம் ஒன்றுதான். அதனால் அதன் பக்கத்திலேயே ஒரு தண்ணீர்க் குடம் வைத்திருந்தார்கள். கடிகாரம் 'டக்' என்று குத்தும். தொண்டை 'மடக்' என்று விழுங்கும்.

இஸ்திரி அக்கா ஏழு வருடங்களாக அப்படித்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள். வயது ஐம்பத்திரண்டு. மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைக் கொதிக்கும் இஸ்திரி உருளைகளுக்குள் கொடுக்கும் வேலை. ஈர விரிப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை 'நெட்டை' பிடிப்பாள். இருவரும் ஒரே இழுப்பில் நீவி உருளையின் வாயில் வைக்க வேண்டும். ஒரு விரற்கடை கோணினாலும் மடிப்பு விழும். விரல் விரிப்போடு கூடவே போனால் என்ன ஆகும் என்பதை, மூன்று விரல்களோடு வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பத்தொன்பது வருடங்களில் இஸ்திரி அக்காவின் விரிப்பு கோணியதே இல்லை.

இந்த இடத்துக்குத்தான் மேனேஜரின் மச்சான் வந்து சேர்ந்தான். முன்பு டயர் விற்றவன். அது ஓடாமல் போனதும் உடம்பைப் பற்றிப் பேசக் கிளம்பிவிட்டான். டயரைப் பற்றிப் பேசுவதற்காவது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 'தொழிலாளர் நலத் திட்டம்' என்று சுவரில் எழுதி, சனிக்கிழமை தோறும் வகுப்பு நடத்தினான். கையில் ஒரு பச்சைப் பொடி டப்பா. பெண்கள் அவனுக்குப் 'பொடி மச்சான்' என்று பெயர் வைத்தார்கள்.

"சுகர் இருக்கிறவங்களுக்கு மாவுச்சத்து விஷம்! ரொட்டி விஷம், கஞ்சி விஷம், கிழங்கு விஷம்!" என்று மேசையைத் தட்டினான்.

நெட்டை கையைத் தூக்கினாள். "அப்போ ஏழு வருஷமா விஷம் தின்னுட்டு எங்கக்கா எப்படிங்க உயிரோட இருக்காங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. சிரிப்பு வராத ஆட்களின் கையில் அதிகாரம் கிடைத்தால் அது அட்டையாகத்தான் வெளியே வரும். சர்க்கரை உள்ள பதினோரு பெண்களின் கழுத்திலும் மஞ்சள் அட்டை தொங்கியது. யாருக்கு என்ன நோய் என்று ஊருக்கே காட்டும் அட்டை. அதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

திங்கட்கிழமை திட்டம் தொடங்கியது. இஸ்திரி அக்கா ஆறு மணிக்கு மாத்திரையை விழுங்கினாள். ஆறரைக்குக் கேன்டீன் வரிசையில் நின்றாள். வழக்கமாக இரண்டு முழுக்கோதுமை ரொட்டித் துண்டுகள், ஒரு முட்டை, ஒரு கரண்டி அவித்த பயறு. அன்று தட்டில் வந்தது நான்கு வெள்ளரித் துண்டுகளும் ஒரு குவளை பச்சைப் பொடி கலந்த தண்ணீரும்தான்.

"மஞ்சள் அட்டைக்கு ரொட்டி கிடையாது" என்றான் பொடி மச்சான்.

"தம்பி, நான் மாத்திரை போட்டுட்டேன்."

"நல்லதாப் போச்சு. மாத்திரையும் பொடியும் சேர்ந்து வேலை செய்யும்."

"அந்த முட்டையாவது குடுங்க."

"முதல் வாரம் வயித்தைக் காலியா வெச்சாத்தான் சுத்தமாகும். சொன்னதைக் கேளுங்கம்மா. உங்க நல்லதுக்குத்தானே சொல்றேன்?"

உங்கள் நல்லதுக்கு! இந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டு வருபவன் முதலில் நம் தட்டைத்தான் பிடுங்குவான். வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று வாசலில் விதி. வெளியே போனால் அரை நாள் சம்பளம் போகும். அவள் வெள்ளரியைத் தின்றாள். ஒரு ஓரத்தில் அவளுக்கும் சந்தேகம் இருந்தது. ஒருவேளை இவன் சொல்வதுதான் சரியோ? படிக்காதவள் என்று நாற்பது வருடங்களாகச் சொல்லிச் சொல்லியே அந்தச் சந்தேகத்தை அவளுக்குள் நட்டுவைத்திருந்தார்கள்.

எட்டே முக்காலுக்கு முதல் விரிப்பு கோணியது.

"என்னக்கா, குடிச்சவன் நடக்குற மாதிரி போகுது?" என்று நெட்டை கேலி செய்தாள்.

அடுத்ததும் கோணியது. உருளைக்கு முன்னால் எல்லாருக்கும்தான் வியர்க்கும். ஆனால் விரிப்பை வாங்கும்போது நெட்டையின் கையில் பட்ட அக்காவின் கை, அந்த உலை வெப்பத்திலும் பனிக்கட்டி போலச் சில்லிட்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அக்காவின் கண் எங்கேயோ இருந்தது. கை மட்டும் பழக்கத்தில் விரிப்பைப் பிடித்தபடி உருளையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நெட்டை தலைக்கு மேலிருந்த சிவப்புக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். உருளை நின்றபோது, அக்காவின் நடுவிரலுக்கும் அதற்கும் இடையில் ஒரு சாண் கூட இல்லை.

அந்தப் பகுதியின் முதலுதவிப் பெட்டிக்கு நெட்டைதான் பொறுப்பு. பெட்டியில் சர்க்கரை பார்க்கும் மீட்டரும் இருந்தது. அக்காவைத் தரையில் சாய்த்து விரலைக் குத்தினாள். எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாத எண், நாற்பத்தேழில் நின்றது.

"யாராவது சர்க்கரை கொண்டாங்கடி!"

பொடி மச்சான் ஓடிவந்தான். "சுகர் பேஷண்டுக்குச் சர்க்கரையா? கொல்லப் போறீங்களா?" யாரோ சர்க்கரையோடு கொண்டுவந்த தண்ணீர்க் குவளையைத் தட்டிவிடக் கையை நீட்டினான்.

"கையை வெச்ச, உன்னைத் தூக்கி உருளைல குடுத்துடுவேன்!" என்றாள் நெட்டை. ஆறடிக்கு இரண்டு விரற்கடை குறைந்த உயரம் அவளுக்கு. அவன் பின்வாங்கினான்.

மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி, "முழுங்குக்கா, முழுங்கு" என்று கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். கால் மணி நேரத்தில் அக்காவின் கண் திரும்பி வந்தது. முதலில் கேட்டது, "விரிப்பு கிழிஞ்சிடுச்சா?"

மறுநாள் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. 'இயந்திரத்தின் முன் தூங்கியதால் ஆபத்து விளைவித்தார். வரும் திங்கட்கிழமை விசாரணை. அதுவரை வேலைக்கு வர வேண்டாம்.' விபத்துப் பதிவேட்டிலும் மேனேஜர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'தூக்கம்.' அந்த ஒரு சொல் நிலைத்தால் அவளுக்கு இந்த வேலை போகும். இயந்திரத்தில் தூங்கியவள் என்ற பெயரோடு போனால் வேறு எந்த வேலையும் வராது.

மகள் போன் கடையில் வேலை பார்ப்பவள். "எல்லாம் அந்த ரொட்டியாலதாம்மா. நான் எத்தனை வீடியோ காட்டினேன்?" என்று கத்தினாள்.

"ரொட்டி தின்னாத அன்னைக்குத்தானடி விழுந்தேன்?"

மகள் போய், வாங்கி வைத்து மூன்று வருடங்களாகத் தூசி படிந்திருந்த மீட்டரை அலமாரியிலிருந்து எடுத்து வந்தாள்.

"சரி, அவன் சொல்றதும் வேணாம், வீடியோ சொல்றதும் வேணாம். உன் ரத்தத்தையே கேட்போம்."

ஐந்து காலைகள் கேட்டார்கள். சலவை மூட்டைகளில் கட்டும் துணிச்சீட்டுகள் வீட்டில் கிடந்தன. மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் ஆனதும் விரலைக் குத்தி, அழியாத மையில் அக்கா எழுதினாள். வெள்ளை ரொட்டி நான்கு துண்டு, மேலே ஜாம்: 262. இனிப்புக் கலந்த உடனடி ஓட்ஸ்: 231. பெரிய உருளைக்கிழங்கு இரண்டு: 214. இனிப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி ஒரு கிண்ணம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை: 161. முழுக்கோதுமை ரொட்டி இரண்டு, முட்டை, பயறு: 154.

மருத்துவமனை டாக்டர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். "இதைத்தாம்மா நாங்க எல்லாரையும் செய்யச் சொல்றோம், யாரும் செய்யறதில்ல. மாவுச்சத்து சாப்பிடலாம், ரெண்டு மணி நேரத்துல நூத்தியெண்பதுக்குள்ள நின்னாச் சரி. எது, எவ்வளவு, எதோட சேர்த்து, அதுதான் விஷயம். இது உங்க உடம்போட கணக்கு, அடுத்தவங்களுக்கு வேற மாதிரி வரலாம். ஆனா இந்த மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கிடந்தீங்கன்னா யாரா இருந்தாலும் விழுவாங்க." அதையே கடிதமாகவும் எழுதிக் கொடுத்தார்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. அக்காவுக்கு நாற்காலி போடவில்லை. அவளே ஒன்றை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சீட்டுகளையும் டாக்டரின் கடிதத்தையும் மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"இது என்ன, சலவைக் கணக்கா?" என்று பொடி மச்சான் சிரித்தான். "வீட்டு மீட்டரெல்லாம் பொய் சொல்லும் சார்."

"அப்போ உங்க மீட்டரைக் கேளுங்க" என்றாள் சாட்சிக்கு வந்திருந்த நெட்டை. முதலுதவிப் பெட்டியைத் திறந்து மீட்டரை எடுத்தாள். ஒரு பொத்தானை அமுக்கினாள். பழைய அளவுகளை அது மறப்பதில்லை. தேதி, நேரம், நாற்பத்தேழு. பதிவேட்டில் மனிதன் பொய் எழுதியிருந்தான். பெட்டிக்குள் கிடந்த கருவிக்கு மச்சானும் இல்லை, மாமனும் இல்லை.

மேனேஜர் எண்ணைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார்.

"இதுவும் தப்பா இருக்கலாம்..." என்று அவன் இழுத்தான்.

"சரிபார்த்துடலாமே. விரலை நீட்டுங்க தம்பி" என்றாள் இஸ்திரி அக்கா. "காலைல என்ன சாப்பிட்டீங்கன்னு மட்டும் சொல்லுங்க. நானே எழுதிக்கிறேன்."

பொடி மச்சானின் இரண்டு கைகளும் பாக்கெட்டுக்குள் போயின. விசாரணை முடியும்வரை வெளியே வரவேயில்லை.

"சரி, நாளையிலிருந்து மெஷினுக்கு வந்துடுங்க" என்று மேனேஜர் பதிவேட்டை மூடினார்.

அவள் எழவில்லை. "அந்தச் சொல்லை அடிங்க."

"வேலைதான் கிடைச்சிடுச்சே, அப்புறம் என்னம்மா?"

"நான் தூங்கல. பட்டினி போட்டீங்க. அதை எழுதுங்க. எழுதுற வரைக்கும் நான் இங்கதான் உட்கார்ந்திருப்பேன். சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன், மயக்கமெல்லாம் வராது."

இருபது நிமிடங்கள் கழித்து அவர் எழுதினார். 'தூக்கம்' அடிபட்டது. 'மாத்திரைக்குப் பின் உணவு மறுக்கப்பட்டதால் சர்க்கரை தாழ்ந்தது' என்று பக்கத்தில் ஏறியது. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பார்கள் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் கடிகாரம் குத்தியது, தொண்டை விழுங்கியது, ஆறரைக்கு இரண்டு ரொட்டித் துண்டுகள் தட்டில் விழுந்தன. மஞ்சள் அட்டைகளைப் பதினோரு பேரும் குப்பைக் கூடையில் போட்டார்கள். காலிப் பொடி டப்பாக்களில் இப்போது துணி ஊக்குகள் கிடக்கின்றன. பொடிக்கு முதன்முதலாகக் கிடைத்த பயன்.

பொடி மச்சானை யாரும் தண்டிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருக்கும் பாட்டில் தொழிற்சாலையில் சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறான். அங்கே கொதிக்கும் கண்ணாடி ஓடுகிறது. அங்கும் அட்டைகள் அச்சாகிவிட்டன என்று, அங்கே வேலை பார்க்கும் நெட்டையின் தங்கை சொன்னாள்.

கேள்விப்பட்ட அன்றே இஸ்திரி அக்கா ஐந்து சீட்டுகளையும் ஒரு கயிற்றில் கட்டினாள். ஆறாவதாக ஒன்றை எழுதிச் சேர்த்தாள்: 'மாத்திரை, வெள்ளரி, பொடி: 47.' அந்தச் சீட்டுக் கொத்தை நெட்டையின் தங்கையிடம் கொடுத்தாள்.

"கேன்டீன் வரிசைல இதை எல்லாருக்கும் காட்டு. அவன் வந்தா விரலை நீட்டச் சொல்லு."