விழுந்த தோப்பில் விறகு

பதினைந்து வயதுக்குப் பிறகு பல வருஷம் நான் விறகுக்குப் போகவே இல்லை. போகக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

அதற்குக் காரணம் எங்கள் ஊரின் தென்னந்தோப்பு. எங்கள் தெருவைத் தாண்டி வாய்க்கால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தோப்பு. பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் நானும் அம்மாவும் அங்கே போய், விழுந்து கிடக்கும் மட்டை, பாளை, மட்டையடியில் வலை மாதிரி இருக்கும் பன்னாடை என்று கிடைத்ததைப் பொறுக்கிக் கட்டுவோம். அம்மா அந்தத் தோப்புக்காரர் வயலில்தான் நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்தாள். அதனால் உரிமை உண்டு என்று அவளே நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் தோப்புக் காவல்காரர் அம்மாவின் தலையிலிருந்த கட்டைக் கம்பால் தட்டிவிட்டார். கயிறு அறுந்து மட்டையெல்லாம் வாய்க்காலில் விழுந்தது. அம்மா சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் பள்ளிக்கூடத் தாவணி யூனிஃபார்மில் நடந்தேன். எதிரே என் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள்.

மன்னார்குடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை கிடைத்ததும் முதல் காரியமாக வீட்டுக்கு கேஸ் வாங்கினேன். "சுடுதண்ணி போட ஒரு மண்ணடுப்பு மட்டும் கொல்லையில கெடக்கட்டும்" என்றாள் அம்மா. கிடக்கட்டும், ஆனால் அதற்கு விறகு பொறுக்க என்னைக் கூப்பிடக்கூடாது என்றேன். அவளும் கூப்பிடவில்லை.

அப்படியே பல வருஷம் போனது. பிறகு ஒரு கார்த்திகையில் புயல் வந்தது.

விடிந்து கதவைத் திறந்தபோது ஊர் வேறு மாதிரி இருந்தது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து தோப்பு எப்போதும் கறுப்பாக, உயரமாகத் தெரியும். அன்றைக்கு அங்கே வானம்தான் தெரிந்தது. தெருவின் கரண்டு கம்பங்கள் முழங்காலை மடித்தது போல ஒடிந்து கிடந்தன. எங்கள் வீட்டு ஓடு பாதி பறந்திருந்தது. நானும் அம்மாவும் ஒருவரையொருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டோம். அதன் பிறகுதான் எதிர்வீட்டைப் பற்றிய நினைவு வந்தது.

எதிர்வீட்டு அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து பதினோரு நாள். அக்கா வீட்டுக் கூரை மொத்தமாகப் போய்விட்டது. தாயையும் குழந்தையையும் எங்கள் வீட்டில் ஓடு மிச்சமிருந்த அறைக்குக் கொண்டுவந்தோம். மூன்று நாள் எங்கள் கேஸில்தான் அக்காவுக்கும் எங்களுக்கும் சமையல். பிள்ளைக்குச் சுடுதண்ணி, பெற்றவளுக்கு மிளகு ரசம், மழைத்தண்ணீரைக் காய்ச்சிக் குடிநீர். மூன்றாம் நாள் மத்தியானம் அடுப்பு நீலமாக ஒருமுறை துடித்து அணைந்துபோனது. சாலையெல்லாம் மரம். சிலிண்டர் வண்டி எப்போது வரும் என்று கேட்கப் போனிலும் சார்ஜ் இல்லை.

அம்மா கொல்லைக்குப் போய் அருவாளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ வரவேணாம். நானும் அக்காவும் போறோம்."

"ஊரே வெறகாத்தான கெடக்கு. வாசல்ல இருக்கறத எடுத்து வெட்டும்மா."

"எல்லாம் பச்சை. பச்சை மரம் எரியுமா? புகைதான் வரும். உள்ள பச்சப்புள்ள இருக்கு."

அக்காவுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை, நிற்கும்போதே தள்ளாடினாள். அறைக்குள் குழந்தை அழுதது. நான் அக்காவை உட்கார வைத்துவிட்டு அவள் கையிலிருந்த சாக்கையும் அம்மாவிடமிருந்து அருவாளையும் வாங்கிக்கொண்டேன்.

தோப்பில் நிமிர்ந்து நின்றவை ஐந்தாறு மரங்கள்தான், அவையும் கொண்டை இல்லாமல். மற்றதெல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்திருந்தன. வேரோடு பிடுங்கிய இடமெல்லாம் குழியில் தண்ணீர். நடுவில் ஒரு மரத்தின் மேல் தோப்புக்காரர் உட்கார்ந்திருந்தார். லுங்கி, மேலே நனைந்த துண்டு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். மூன்று நாளில் பத்து வயது கூடியவர் போலிருந்தார். எங்களைப் பார்த்தார். நான் அருவாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், கத்தினால் பதிலுக்குக் கத்துவது என்று.

அவர் கத்தவில்லை. "தொடாதீங்க" என்றார்.

"மரத்த யாரு தொடப்போறா? காஞ்ச மட்டைதான். வீட்டுல பச்சப்புள்ள இருக்கு" என்றாள் அம்மா.

"கணக்கெடுக்க ஆள் வரணும். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க."

மட்டையை எந்த அதிகாரியும் எண்ணமாட்டார் என்று அவருக்குத் தெரியாதா? எனக்கு நெஞ்சு கொதித்தது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். வாய்க்கால் கரையில் சேற்றுக்குள் கிடந்த இரண்டு பாளையும் கொஞ்சம் தேங்காய் மட்டையும் கிடைத்தன. அதை வைத்து ஒரு குண்டான் தண்ணீரும் கொஞ்சம் கஞ்சியும் காய்ச்சினோம்.

"இன்னும் மாறவே இல்ல, பாத்தியா" என்றேன்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "அந்தாளு என்னை 'ங்க' போட்டுப் பேசி இன்னிக்குத்தான் கேக்குறேன். என்னைவிடச் சின்னவரு, எப்பவும் பேரச் சொல்லித்தான் கூப்புடுவாரு. மனசு ஒடஞ்சு கெடக்காரு. வெறகு குடுக்கக்கூடாதுங்கறது இல்ல. வெட்டுற சத்தத்தக் கேக்க முடியல அவருக்கு."

எனக்கு அது ஏறவில்லை.

மறுநாள் காலையில் தூறலில் ஒரு பெண் குடையில்லாமல் எங்கள் தெருவுக்குள் வந்தாள். தோப்புக்காரரின் மனைவி. அந்த அம்மாள் எங்கள் தெருவுக்குள் வந்து நான் பார்த்ததில்லை. கையில் தூக்குவாளி. வாசலில் தயங்கி நின்றாள்.

"கொஞ்சம் நெருப்பு வேணும்" என்றாள் அம்மாவிடம். "எங்க கேஸும் தீந்துபோச்சு. கொல்லை அடுப்பு பத்தவே மாட்டேங்குது. தீப்பெட்டி ரெண்டு தீந்துச்சு. நாலு நாளா பிஸ்கட்டுதான். அவரு அதுவும் சாப்புடல."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா மணையை நகர்த்திப் போட்டாள். "உக்காருங்க. மொதல்ல இந்தக் கஞ்சியக் குடிங்க."

அந்த அம்மாள் கஞ்சி குடித்தாள். குடிக்கும்போதே கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. குடித்து முடித்ததும் அம்மா சொன்னாள்: "நெருப்பு நான் தரேன். வெறகு உங்க தோப்புலதான் இருக்கு. சாஞ்ச மரத்துக் கொண்டைக்குள்ள, அடிப்பக்கமா கைய விட்டா பன்னாடை நனையாம இருக்கும். நாலு மட்டைய உரிச்சா எட்டு வீட்டு அடுப்பு எரிக்கலாம்."

"வாங்க" என்று எழுந்தாள் அந்த அம்மாள். "நான் சொல்றேன் அவர்கிட்ட."

நான்கு பேர் போனோம். அக்காவும் வந்தாள். தோப்புக்காரர் அதே மரத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் என்னவோ பேசினாள். கடைசி வார்த்தை மட்டும் எங்களுக்குக் கேட்டது. "இவங்க வீட்டுக் கஞ்சியக் குடிச்சுட்டுத்தான் வரேன்."

 அவர் எழுந்து வந்து என்னிடம் கையை நீட்டினார். அருவாளைக் கேட்கிறார் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கொடுத்தேன்.

முதல் மட்டையை அவரேதான் வெட்டினார். வெட்டு சரியாக விழவில்லை. இரண்டாவது வெட்டு விழுந்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை. வெட்டிக்கொண்டே பேச ஆரம்பித்தார், யாரிடம் என்றில்லாமல். "இது எளநீ மரம். இதுக்கு மட்டும் உப்புத்தண்ணி வாடையே வராது... இது ரெண்டு தடவ இடி விழுந்தும் காய்ச்சுது... இத என் பொண்ணு பொறந்த வருஷம் வச்சேன்." நாங்கள் பின்னாலேயே போய் மட்டையை இழுத்து அடுக்கினோம். நனையாத பன்னாடையை அம்மா மடியில் கட்டிக்கொண்டாள், நகை மாதிரி.

கட்டுக் கட்டியதும் நான் சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்தேன். குனிந்து கட்டைத் தூக்கப் போனேன். அவர் தடுத்தார்.

"நான் எடுத்துட்டு வரேன்."

"வேணாம், நாங்களே..."

"வாய்க்கால்ல வழுக்கும். விடும்மா."

பெரிய கட்டாக இரண்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நடந்தார். வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். எங்கள் வாசலில் கட்டை இறக்கிவிட்டுத் திரும்பப் போனவரை அக்காதான் விடவில்லை. "உள்ள வாங்க, ஒரு வாய் வரட்டீத்தண்ணி குடிச்சுட்டுப் போங்க." அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அறையிலிருந்த குழந்தையை எட்டிப் பார்த்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். பால் இல்லாத டீ, கருப்பட்டி போட்டது. இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

அன்றிலிருந்து மார்கழி முடியும்வரை எங்கள் வேலை அதுதான். கம்ப்யூட்டர் சென்டருக்குக் கரண்டு இல்லாததால் எனக்கும் விடுமுறை. விடியற்காலைப் பனியில் ஓலை கைக்கு ஐஸ் மாதிரி இருக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தோப்புக்குப் போவோம். பத்து மணி வெயிலில் மட்டையைப் பிளந்து, வரப்பில் சாய்த்துக் காய வைப்போம். சாயங்காலம் கட்டி வீடு வீடாகக் கொண்டுபோய்ப் போடுவோம். நடக்க முடியாதவர்கள் வீட்டில் முதலில், சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அடுத்து. தெருமுனையில் மூன்று கல் வைத்துப் பெரிய அடுப்பு ஒன்று போட்டோம். அரிசி அவரவர் வீட்டிலிருந்து, குழம்புக்கு விழுந்த தேங்காய். அவ்வளவு தேங்காய் போட்டுக் குழம்பு வைத்ததும் கிடையாது, இனி வைக்கப் போவதும் கிடையாது. தோப்புக்காரரின் மனைவி தேங்காய் துருவ வருவாள். ஊதாங்குழலைப் பிடிக்கத் தெரியாமல் முதல் நாள் சாம்பலை முகமெல்லாம் அப்பிக்கொண்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

எனக்கு மட்டும் ஒன்று உள்ளேயே கிடந்தது. ஒருநாள் மட்டை பிளந்துகொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். அவரை எப்படிக் கூப்பிடுவது என்று அதுவரை எனக்குத் தெரியவில்லை. அம்மா சொல்லும் 'ஐயா' என் வாயில் வராது.

"சார், நான் பத்தாவது படிக்கிறப்ப உங்க காவக்காரர் எங்கம்மா தலையில இருந்த கட்டைத் தட்டிவிட்டாரு. வாய்க்கால்ல போச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் வெட்டுவதை நிறுத்தினார். தெரியாது என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"தெரியும்மா" என்றார். "நான்தான் சொல்லிவச்சிருந்தேன், யாரையும் விடாதன்னு. அப்ப அது தப்புன்னு தோணல." அருவாளைக் கீழே வைத்துவிட்டு, "இப்பத் தோணுது" என்றார். அம்மா இருந்த பக்கம் திரும்பினார். என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

அம்மா காதில் எல்லாம் விழுந்திருந்தது. "பேசிக்கிட்டே நின்னா எப்புடி? மேகம் கூடுது. அந்த முனையப் புடிங்க, கட்டு நனையப்போவுது."

அவர் ஓடிப்போய் முனையைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து கட்டைத் தூக்கித் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினார்கள். மழையும் வந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் அதே தார்ப்பாயைத் தலைக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒண்டி நின்றோம். கோபம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் பொய் சொல்லாதது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. அன்று ராத்திரி சாப்பாடு நன்றாக இறங்கியது.

பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னால் கரண்டு வந்தது. அதற்கு முன்பே சிலிண்டரும் வந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காவுக்குத் தகரக் கூரை போட்டோம். சம்பா வயல் மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. புயலில் மடிந்த பயிர் நிமிர்ந்து, கதிரும் பிடித்திருந்தது. மரத்தைக் கணக்கெடுக்க ஆட்கள் வந்து எண்ணிக்கொண்டு போனார்கள். லாரி வந்து தண்டுகளை அறுத்து ஏற்றியது. மிஷின் சத்தம் கேட்ட இரண்டு நாளும் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். அம்மா டீ போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

தை பிறந்து தோப்பு வெற்று மனையாகக் கிடந்தபோது அவரே ஒருநாள் வந்தார். "கன்னு வைக்கப் போறேன். அது காய்க்க அஞ்சாறு வருஷம் ஆவும். அதுவரைக்கும் ஊடுபயிர் போடலாம். வெயிலு நல்லா வுழுது இப்ப. நீங்களும் அந்த அக்காவும் கடலை போடுறீங்களா? வெள்ளாமைல பாதி உங்களுக்கு."

அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. மண்ணைப் பார்க்க வேண்டும் என்றாள். போய்ப் பார்த்தாள், ஒரு பிடி அள்ளிக் கசக்கினாள், முகர்ந்தாள். குழிகளை மூடிக் கொடுத்தால்தான் போடுவேன், தண்ணீர் விடும் முறையை இப்போதே பேசிவிட வேண்டும் என்றாள். நாற்பது வருஷம் அந்த மனிதரின் குடும்பத்து வயலில் குனிந்து வேலை செய்தவள், அன்றைக்கு வரப்பின் மேல் நின்றுகொண்டு நிபந்தனை சொன்னாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

சித்திரையில் முதல் கடலை பிடுங்கினோம். அங்கேயே ஒரு மூலையில் உப்புப் போட்டு வேகவைத்தோம். தென்னங்கன்றுகள் அப்போது முழங்கால் உயரம், அவற்றுக்கு நடுவே எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து உரித்துத் தின்றோம். அக்காவின் மகள் வாய்க்குள் ஒரு பருப்பைக் கடித்து மசித்துப் பிள்ளைக்கு ஊட்டினாள். அது முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்தது. அம்மாவும் தோப்புக்காரரும் அதற்குள் அடுத்த பட்டத்துக்கு எள்ளா உளுந்தா என்று வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். அம்மா உளுந்து என்றாள். அவர் எள் என்றார். நான் வெந்த கடலையை இன்னொரு கை அள்ளிக்கொண்டு, யார் ஜெயிக்கிறார்கள் என்று பார்க்க நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.